குச்சுக்கு வந்த வெள்ளிக்கிழமைப் பாடம்

"ஏ எல்லம்மா! உம் பொண்ணுக்கு டீச்சரம்மா சீட்டு குடுத்தனுப்பிக்கிறாங்க. மீனு வாசனை கொஞ்சம் தூக்கலா இருக்கும். மூக்கைப் புடிச்சிக்கினு படிக்கச் சொல்லு!"

எளாவூரில் மீன் விற்றுவிட்டு வெறுங்கூடையோடு வந்த கங்கம்மா, வேலிக்கு வெளியே நின்றபடியே குரல் கொடுத்தாள். எல்லம்மா வீடு மெழுகிக்கொண்டிருந்த சாணிக் கையை உதறிவிட்டு எழுந்து வந்தாள். கங்கம்மா அவளுக்கு நாத்தனார், புருஷன் துலுக்காணத்தின் அக்கா. எல்லம்மாவும் மற்ற நாளில் கூடை தூக்கிக்கொண்டு எளாவூர் போகிறவள்தான். வெள்ளிக்கிழமை மட்டும் வீட்டோடு இருப்பாள்.

"கூடைக்குள்ளயா வெச்சிக்கினு வந்தீங்க அண்ணி? மேல ஒரு துணி சுத்தக் கூடாதா?"

"துணிக்கு எங்க போவேன்? கட்டிக்கினு இருக்கறதையா அவுத்து சுத்தச் சொல்றே?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். வீட்டுக்குப் பின்னால், முருங்கை மரத்துக்கு அந்தப் பக்கம், பனை ஓலையால் கட்டிய சின்னக் குச்சுக்குள்ளிருந்து இன்னொரு சிரிப்பும் கேட்டது. அது செண்பகத்தின் சிரிப்பு.

ஏழாம் வகுப்புப் படிக்கிற செண்பகம் பெரியவளாகி விட்டாள். குப்பத்து வழக்கப்படி தாய்மாமன் கலியன் பச்சை ஓலை வெட்டி வந்து குச்சு கட்டினான். சடங்கு நடக்கும்வரை பெண் அதற்குள்தான். தனித் தட்டு, தனிப் பாய். யாரும் தொடக் கூடாது. உள்ளே போன பொருள் எதுவும் வெளியே வரக் கூடாது. சடங்கன்று குச்சோடு எல்லாவற்றையும் கொளுத்திவிடுவார்கள்.

எல்லம்மா மூங்கில் கழியின் நுனியைப் பிளந்து, அதில் தாளைச் செருகி, ஓலை இடுக்கு வழியாக உள்ளே நீட்டினாள். உள்ளேயிருந்து ஒரு கை பறித்துக்கொண்டது.

"பாத்துடி! கழியோட சேத்து என்னையும் உள்ள இஸ்துக்கப் போற!"

பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வருவதற்குக் காரணம் சாராள் டீச்சர். கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலேறி எளாவூர்ப் பள்ளிக்கு வருகிறவர். ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து பெண் பிள்ளைகள் நன்றாகத்தான் படிக்க வருவார்கள். திடீரென்று ஒரு நாள் இடம் காலியாக இருக்கும். "எங்கே அந்தப் பிள்ளை?" என்று கேட்டால் மற்ற பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கும். அப்புறம் அந்தப் பிள்ளை வரவே வராது. செண்பகத்தின் இடம் காலியானதும் டீச்சர் கங்கம்மாவை மறித்தார்.

"பிள்ளை குடிசைக்குள்ள சும்மாத்தானே உக்காந்திருக்கும்? வாரத்துக்கு ஒரு தாள் அனுப்பறேன். வீட்டுல இருக்கறதை வெச்சே செய்யற பாடம். செஞ்சதைச் சேத்துக் குடுத்தா, வீட்டுலேருந்து படிக்கிறாள்னு பெரிய வாத்தியார்கிட்டச் சொல்லி அவ பேரை எடுக்காம காப்பாத்துவேன். ஒண்ணுமே வரலேன்னா என் கையில எதுவும் இல்லைம்மா."

எல்லம்மாவுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. பொண்ணு அழாமல் கிடந்தால் சரி என்று நினைத்தாள். "எழுதினதையெல்லாம் உள்ளயே சேத்து வெய்யி. சடங்கு அன்னிக்குத் தண்ணி தெளிச்சி நான் எடுத்துத் தரேன்" என்று வாக்கும் கொடுத்தாள்.

முதல் வாரச் சீட்டு வந்த மறுநாள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யம்மா, வெளிய ஒரு குச்சி நடும்மா."

"எதுக்குடி?"

"காலையில நெழலு எவ்ளோ நீளம், உச்சியில எவ்ளோ, பொழுது சாயக்குள்ள எவ்ளோன்னு பாத்து எழுதணுமாம்."

"நெழலைப் பாத்து இன்னாத்த கிழிக்கப் போறாங்களாம்? டீச்சரம்மாவுக்கு வேலையே இல்லியா?"

வாய்தான் திட்டியது. கை, உடைந்த துடுப்புக் கழி ஒன்றை எடுத்து நட்டது. மறுநாள் யாரும் கேட்காமலே, கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த எல்லம்மா கூவினாள்: "ஏ! நெழலு முருங்க மரத்தாண்ட போய்டிச்சி. எழுதிக்கினியா?"

அடுத்த வாரம், வீட்டில் செய்யும் ஒரு பொருளை எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும்.

"கருவாட்டுக்கு உப்பு எம்மாம்மா போடுவே?"

"கைக்கு வந்த அளவுடி."

"கைக்கு வந்த அளவுன்னு எழுதினா டீச்சர் சிரிப்பாங்கம்மா."

"அப்ப அவங்க கையைக் கொண்டாரச் சொல்லு, அளந்து காட்றேன்!"

இப்படி ஓலைக்கு உள்ளே ஒரு வாயும் வெளியே ஒரு வாயுமாகப் பாடம் நடந்தது. பெண் வளர்ந்த இத்தனை வருஷத்தில் அவளோடு இவ்வளவு பேசியதில்லை என்று எல்லம்மாவுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சடங்கு தள்ளிக்கொண்டே போனது. ஏரியில் எந்தக் குடும்பம் எந்த இடத்தில் என்றைக்கு வலை போடுவது என்று குப்பத்தார் சீட்டுப் போட்டு முறை வைத்திருந்தார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பேர். துலுக்காணத்தின் பாடு சரியாக அப்போது பார்த்து வந்தது. நல்ல இடம், நல்ல இறால். பாட்டை விட்டுவிட்டுச் சடங்கு வைக்க எந்த மீன்காரனுக்கு மனசு வரும்? பாடு முடியட்டும் என்று பெண்ணை ஓலைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

மூன்றாவது சீட்டு வந்த வாரம் செண்பகம் கேள்வியே கேட்கவில்லை. ஓலை ஓட்டையில் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"இன்னாடி அது, பூனையாட்டம் பாத்துக்கினு கீற?"

"பாடம் படிக்கிறேம்மா."

"என்னைப் பாத்துக்கினா?"

"ஆமா. ஊட்டுல ஒருத்தரை நாளு பூரா கவனிச்சி எழுதணும். நான் உன்னை எழுதறேன்."

"அய்யே! என்னைப் பத்தி எழுத இன்னா கீது?"

எல்லம்மா வெட்கப்பட்டாள். ஆனால் அன்று முழுக்க முந்தானையைக் கொஞ்சம் சரியாகவே இழுத்து விட்டுக்கொண்டாள்.

இதெல்லாம் துலுக்காணத்தின் காதிலும் விழுந்தது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "படிக்கட்டும், வேணாங்கல. ஓலைக்குள்ள இருக்கற வரிக்கும்தான். சடங்கு முடிஞ்சா ஊட்டோட கெடக்கட்டும்."

"இந்த வருசமாவது முடிக்கட்டுமே?"

"அங்காளம்மா கதை மறந்துட்டியா?"

எல்லம்மா குழம்புச் சட்டியை இழுத்து மூடினாள். அங்காளம்மா பக்கத்துக் குப்பத்துப் பெண். பள்ளிக்கூடம் போகிற வழியில், செக் போஸ்ட்டுக்கு முன்னால் வரிசை கட்டி நிற்கிற கல்கத்தா ரோட்டு லாரிகளில் ஒரு கிளீனர் அவளிடம் ஏதோ பேசினான். பேசினவன் லாரி ஏறிப் போய்விட்டான். பேச்சு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. அதை அடக்குவதற்காகவே அவளை அவசர அவசரமாகத் தூரத்து ஊரில், பெண்டாட்டி செத்துப்போன ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். துலுக்காணம் கெட்ட தகப்பன் இல்லை. பயந்த தகப்பன்.

பாடு முடிந்தது, சடங்கு வந்தது. கலியன் புதுப் புடவையும் பூவும் பழமுமாகத் தட்டு வரிசையோடு வந்து இறங்கினான். அவன் செக் போஸ்ட்டு அருகே மூட்டை தூக்குகிறவன். அன்றைக்கு மட்டும் மிராசுதார் மாதிரி வேட்டி கட்டியிருந்தான்.

"மாமன் வந்துட்டான்டி! வெளிய வா, மவராசி!"

மஞ்சள் நீராட்டினார்கள். நலங்கு வைத்தார்கள். குப்பத்துப் பெண்கள் அவ்வளவு பேரும் குச்சைச் சுற்றி நின்றார்கள். கலியன் ஓலைச் சூந்தைக் கொளுத்திக் கையில் பிடித்துக்கொண்டு, வழக்கப்படி கேட்டான்:

"தங்கச்சி, உள்ள ஒண்ணும் இல்லியே?"

உள்ளே, கூரை ஓலையில் செருகி வைத்திருந்த தாள் கட்டு வாசல் வழியாகத் தெரிந்தது. ஈரத் தலையும் புதுப் புடவையுமாக நின்ற செண்பகம் அம்மாவைத்தான் பார்த்தாள். எல்லம்மாவும் பார்த்தாள், பெண்ணை அல்ல, சுற்றி நின்ற முகங்களை. தீட்டுப் பட்டதை உள்ளே கை விட்டு எடுத்தால் இத்தனை பேர் வாயும் நாளைக்கு என்ன பேசும்? அப்பன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வான்?

"இன்னா தங்கச்சி, ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணுமில்ல."

காய்ந்த ஓலை சடசடவென்று பிடித்துக்கொண்டது. குலவை எழுந்தது. செண்பகம் அழவில்லை. அழுதிருந்தால் கூட எல்லம்மாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதன்பிறகு செண்பகம் வீட்டுக்குள் இருந்தாள். வாசல்படி தாண்டக் கூடாது என்று அப்பன் சொல்லியிருந்தான். அவள் தாண்டவும் இல்லை. சொன்ன வேலையைச் செய்தாள். கேட்டால் பதில் சொன்னாள். முற்றத்தில் துடுப்புக் கழி நட்டது நட்டபடி நின்றது. ஒரு நாள் எல்லம்மா மனசு கேட்காமல் கூவிப் பார்த்தாள்.

"ஏ செம்பகம்! நெழலு சின்னதாயிடிச்சிடி!"

உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. கங்கம்மா வந்தாள். இந்தத் தடவை வேலிக்கு வெளியே நிற்காமல் நேராக வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டாள்.

"இந்தா சீட்டு. டீச்சரம்மா கேட்டாங்க, பழசு எல்லாம் எங்கேன்னு. திங்கக்கிழமை பெரிய வாத்தியாரு பேரு எடுக்கப் போறாராம். இன்னாத்த சொல்றது நான்?"

செண்பகம் எழுந்து வந்து தாளை வாங்கினாள். மடித்தாள். அடுப்பில் சுள்ளிகளுக்கு நடுவே செருகினாள்.

"அடுப்புல ஏண்டி வெக்கிற?"

"எப்பிடியும் எரியப் போறதுதானேம்மா."

சொன்ன குரலில் கோபம் இல்லை. அதுதான் எல்லம்மாவைச் சுட்டது. சட்டென்று குனிந்து தாளை உருவி மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னைப் பத்தி இன்னாடி எழுதுன?"

"விடும்மா."

"சொல்லுடி. படிக்கத் தெரியாதவ கேக்கிறேன், வாயால சொல்லேன்."

செண்பகம் சுவரைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தாள். மனப்பாடப் பாட்டு ஒப்பிப்பது போல அப்படியே சொன்னாள்.

"எங்க அம்மா கோழி கூவறதுக்கு முன்னாடி எழுந்துக்கும். படகு வந்ததும் மீனை வகை பிரிச்சி, கூடையைத் தூக்கிக்கினு எளாவூருக்குப் போவும். வழியில லாரிங்க நிக்கும். முன்னாடி நான் அம்மாகூடப் போவக்குள்ள ஒரு டிரைவரு, 'இன்னா மீனும்மா?'ன்னு இளிச்சான். அம்மா, 'மீனும் கீது, மொறைச்சா முள்ளும் கீது'ன்னுச்சி. அவன் லாரிக்குள்ள பூந்துக்கினான். எங்க அம்மா எந்த லாரிக்கும் பயப்படாது. வெயில்ல திரும்பி வந்து, சோறாக்கி, கருவாடு காய வெச்சி, வலை பொத்தல் பாக்கும். ஒக்காந்து நான் பாத்ததில்ல. அதே ரோட்டாண்டதான் எங்க பள்ளிக்கூடம். அம்மா தெனம் போவுது. நான் போவக் கூடாதாம். ஏன்னு எனக்கு எழுதத் தெரியல."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா. அதோட தாள் முடிஞ்சிபோச்சி."

கங்கம்மா மூக்கை உறிஞ்சினாள். எல்லம்மா எழுந்தாள். கொண்டையை இழுத்து முடிந்துகொண்டாள்.

"அண்ணி, நீங்களும் வாங்க. உங்க தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்."

கரையில், கவிழ்த்துப் போட்ட படகு ஓரம் துலுக்காணம் வலை சரிபார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது.

"இன்னாமே, ஜோடி சேந்துக்கினு வரீங்க? பேஜாரு ஏதுனா கொண்டாறீங்களா?"

"இந்தாய்யா, நான் வயசுக்கு வந்தவளா, வராதவளா?"

"இன்னா பேச்சு இது, அக்கா எதிர்க்க?"

"அக்காவையும் சேத்துத்தான் கேக்கிறேன். நாங்க ரெண்டு பேரும் தெனம் அந்த லாரிங்க பக்கமாத்தானே கூடை தூக்கிக்கினு போறோம்? அப்ப உனுக்கு மானம் போவலியா? மீனு கூடை தூக்கினா ஒருத்தன் கண்ணுக்கும் வயசு தெரியாது, புஸ்தகம் தூக்கினாத்தான் தெரியுமா?"

துலுக்காணத்தின் கை நின்றது.

"நீங்க கூட்டமாப் போறீங்க. வாய் கீது. அது கொழந்தை."

"கொழந்தைன்னா பள்ளிக்கூடம் அனுப்பு. பெரிய பொண்ணுன்னா எங்ககூட அனுப்பு. ரெண்டும் இல்லாம மூலையில வெச்சா இன்னா கணக்கு அது?" என்றாள் கங்கம்மா.

"சரி, போவும்போது உங்களோட போவும். நீங்க உச்சிக்குள்ள வித்துட்டு வந்துடுவீங்க. சாயந்திரம்? தனியா வருமா? அங்காளம்மா கதையை..."

"அங்காளம்மா தனியாத்தான் வந்தா. ஏன் தனியா வந்தா? கூட வர ஒருத்தியும் இல்ல. தப்பு அவளுதா, நம்மளுதா?" எல்லம்மா ஏரிப் பக்கம் கையை நீட்டினாள். "ஏரியில மீனு புடிக்க ஊடு ஊடாப் பாடு வெச்சிக்கிறீங்களே. உசுரில்லாத தண்ணிக்கே முறை வெச்ச குப்பம், பெத்த பொண்ணுங்களக் கூட்டியார ஒரு பாடு வெக்கக் கூடாதா? தெனம் ஒருத்தி சாயந்திரம் வரிக்கும் எளாவூர்ல இருந்து, வித்தது போக மிச்சத்தை வித்துக்கினு, பொண்ணுங்கள இட்டுக்கினு வரட்டும். மொதப் பாடு எனுது."

"ரெண்டாவது எனுது" என்றாள் கங்கம்மா. "எனக்கு வயசுக்கு வந்த பொண்ணு இல்ல, பரவால்ல. வயசுக்கு வராத தம்பி ஒருத்தன் கீறான், அவனுக்காகப் போறேன்."

துலுக்காணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

"நாலு பேரு பேசுவாங்கடி, எல்லம்மா."

"பேசட்டும்யா. அந்த நாலு பேருக்கும் பயந்துதான் அன்னிக்கு 'ஒண்ணுமில்ல'ன்னேன். உள்ள எம் பொண்ணு படிப்பு இருந்திச்சி."

அவன் வலையைக் கீழே வைத்தான். "எழுதினது எல்லாந்தான் எரிஞ்சி போச்சே. திங்கக்கிழமை இன்னாத்த எடுத்துக்கினு போவும்?"

"அது எங்க கவலை" என்றாள் எல்லம்மா.

சனியும் ஞாயிறும் அந்த வீட்டில் ஒரே கூச்சல். செண்பகம் எழுத எழுத, எல்லம்மா பக்கத்தில் உட்கார்ந்து நினைவுபடுத்தினாள். "காலையில நெழலு வேலி வரிக்கும் போச்சிடி. உச்சியில காலடியில சுருண்டுக்கினு கெடந்திச்சி." "கருவாட்டுக்கு உப்பு?" "கைக்கு வந்த அளவுன்னே எழுது. என் கையைப் பக்கத்துல வரைஞ்சி வெய்யி, டீச்சரம்மா அளந்துக்கட்டும்." செண்பகம் நிஜமாகவே அம்மாவின் கையைத் தாளில் அமுக்கி வைத்துச் சுற்றிக் கோடு இழுத்தாள். இழுக்கும்போது சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் துலுக்காணம் வாசலில் வந்து நின்றான். நின்றுவிட்டு, முற்றத்துத் துடுப்புக் கழியைக் கொஞ்சம் ஆழமாக அழுத்தி நட்டுவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை காலை, மீன் கூடைகளின் வரிசைக்கு நடுவே ஒரு புத்தகப் பையும் போயிற்று. செக் போஸ்ட்டு அருகே லாரி ஒன்றின் ஜன்னலிலிருந்து ஒருவன் தலையை நீட்டினான்.

"இன்னாமே, புதுக் கூடையா?"

கங்கம்மா நின்றாள். "ஆமாண்டா. இது பள்ளிக்கூடத்துக் கூடை. நீ அஞ்சாவது தாண்டியிருந்தா சொல்லு, வெலை பேசலாம்!"

வரிசை முழுக்கச் சிரித்தது. தலை உள்ளே போய்விட்டது.

பள்ளிக்கூடத்தில் சாராள் டீச்சர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கை வரைந்திருந்த தாளில் நின்றார். தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். எல்லம்மாவின் கை ஒரு விரல்கடை பெரிதாக இருந்தது.

"குடிசைக்குள்ள எழுதினதா இது? தாள் புதுசா இருக்கே?"

"அது குச்சோட எரிஞ்சிபோச்சி டீச்சரம்மா. இது ரெண்டாந்தரம் எழுதினது" என்றாள் எல்லம்மா. மறைக்க ஒன்றுமில்லை என்பதுபோல நிமிர்ந்தே சொன்னாள். "குச்சு கட்டறது பொண்ணை உள்ள வெக்கத்தான். ஆனா அதைக் கொளுத்தறது எதுக்கு? பொண்ணு வெளிய வரட்டும்னுதானே? நாங்க ஓலையைக் கொளுத்திட்டு, ஊட்டையே குச்சாக்கிப்புட்டோம். வயசுக்கு வர்றதுன்னா வளர்றதுதான். வளர்ற பொண்ணோட படிப்பை நிறுத்தறது, படகு தண்ணியில எறங்கக்குள்ள துடுப்பைப் புடுங்கற மாதிரி. இது எனக்கே இப்பத்தான் தெரிஞ்சிது. எங்க குப்பத்துல இன்னும் பல பேருக்குத் தெரியணும்."

டீச்சர் செண்பகத்தின் தோளைத் தொட்டு வகுப்புக்குள் அனுப்பினார். காலியாகக் கிடந்த இடத்தில் அவள் போய் உட்கார்ந்தாள்.

அன்றைக்கு முதலாவது பாடு எல்லம்மாவுடையது. மற்ற கூடைக்காரிகள் உச்சிப்பொழுதில் திரும்பிப் போனார்கள். அவள் மட்டும் பள்ளிக்கூட வாசலில் மிச்ச மீனோடு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா, இன்னும் போவலியா? பள்ளிக்கூடம் எப்ப வுடறாங்கன்னு தெரியுமா?" என்று வழியோடு போன ஒருத்தி கேட்டாள்.

எல்லம்மா தரையில் விழுந்திருந்த தன் நிழலைப் பார்த்தாள்.

"தெரியுமே. இது அந்தச் சுவரைத் தொடக்குள்ள எம் பொண்ணு வரும்."